பின்தட்டு பேப்பரை இழுக்க மாட்டேங்குது, லேபிள்ல வெள்ளைக் கோடு: கோளாறு ரோலர்லயா, ஹெட்லயா?

தேன்குழல்காரி (காரைக்குடி)

வீட்டுல இருக்கிறது நாலு கலர் இங்க்டேங்க் பிரிண்டர். பேப்பரைப் பின்னால நிமிர்த்தி வைக்கிற மாடல், இரண்டரை வருஷம் ஆச்சு. பலகார டப்பாவுக்கு லேபிள் அடிக்கத்தான் அதிகம் ஓடுது, பிள்ளைகளோட பள்ளிக்கூட வேலை கொஞ்சம். இப்ப மூணு தொல்லை.

1. 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளோட எடை, கிராம்ல) ஏ4 வச்சா ஒரு தடவை ரெண்டு மூணு தாள் சேர்ந்து போகுது, அடுத்த தடவை "பேப்பர் இல்லை"ன்னு நிக்குது. ரோலர் சுத்துற சத்தம் கேக்குது, தாள் நகரல.

2. ஸ்டிக்கர் ஷீட் கோணலா இறங்குது. மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 4 மி.மீ. வித்தியாசம். 24 லேபிள்ல கடைசி வரிசை முழுக்க வீண்.

3. சிவப்புப் பட்டையில குறுக்கே மெல்லிசா வெள்ளைக் கோடு. சின்ன எழுத்து, முக்கியமா 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவு உரிம) எண், ஸ்டிக்கர்ல மட்டும் மங்கலா விழுது. சாதா தாள்ல அதே எண் கூர்மையா இருக்கு.

ஹெட் (தாள்ல மையைப் பீச்சுற பாகம்) கிளீனிங் ஏழெட்டு தடவை போட்டாச்சு. மைதான் குறையுது. பிரிண்டர் இருக்கிறது இரண்டாம் கட்டுல, மாவு சலிக்கிற இடத்துக்கும் அடுப்புக்கும் பக்கத்து அறை. வேலை முடிஞ்சதும் சுவர் சுவிட்சை அணைச்சுடுவோம். ரோலரை மாத்தணுமா, ஹெட்டை மாத்தணுமா?

---

ரப்பர்ரோலர் (கோட்டையூர்)

ஆச்சி, முதல்ல கிளீனிங்கை நிறுத்துங்க. இப்போதைக்கு எதையும் மாத்தவும் வேண்டாம். மூணும் தனித்தனிக் கோளாறு. நான் பேப்பர் இழுக்கிறதை மட்டும் சொல்றேன்.

சேர்ந்து போறதும் போகாம நிக்கிறதும் ஒரே மெஷின்ல மாறி மாறி வந்தா பெரும்பாலும் எதுவும் உடைஞ்சிருக்காது, பிடிமானம்தான் போயிருக்கும். பிக்-அப் ரோலர் மேல் தாளை இழுக்கும். அதுக்கு எதிர்ல இருக்கிற செபரேஷன் பேட், சில மாடல்ல குட்டி ரோலர், அடுத்த தாளைத் தடுத்து நிறுத்தும். ரோலர் வழுக்குனா தாள் வராது, பேட் வழுக்குனா கூட்டமா வரும். ரெண்டும் வழுக்குனா நீங்க சொல்ற கதை.

வழுக்கக் காரணம் நீங்களே எழுதிட்டீங்க, மாவு. சலிக்கிற அரிசி மாவு காத்துல மிதந்து வந்து ரப்பர் மேல படிஞ்சா முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி வேலை செய்யும். வாணலிப் புகையில வர்ற எண்ணெய்ப் பிசுக்கு அதோட சேர்ந்தா ரப்பர்ல பளபளன்னு ஒரு தோல் கட்டிடும். நல்ல ரோலர் மங்கலா, தொட்டா விரலைப் பிடிக்கிற மாதிரி இருக்கணும். டார்ச் அடிச்சுப் பாருங்க, கண்ணாடி மாதிரி மினுங்கினா அந்தத் தோல்தான்.

சுத்தம் பண்ற விதம்:

பிரிண்டரோட பவர் பட்டன்ல அணைச்சு, விளக்கு முழுசா அணையிற வரைக்கும் பொறுத்து, பிறகு வயரைப் பிடுங்குங்க. நூல் பிரியாத துணி, கண்ணாடி துடைக்கிற துணி இருந்தா சிலாக்கியம், அதை டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்சு, ஒட்டப் பிழிஞ்சு, ரோலர் அகலம் முழுக்கத் துடைக்கணும். ஒரு இடத்தையே தேய்க்காம ரோலரைக் கையால நகர்த்திச் சுத்துவட்டம் முழுக்க. துணியில சாம்பலும் வெள்ளையும் வர்றது நிக்கிற வரைக்கும். பேட்டையும் அப்படியே. 10 நிமிஷம் காய விட்டுப் பேப்பர் வைங்க.

கை எட்டாத மாடல்னா ஒரு தடிமனான தாளோட அடிப்பாதியை லேசா ஈரமாக்கி வச்சு, காப்பி பட்டனை அமுக்கி, அது இழுக்க வரும்போது தாளை உள்ள விடாமக் கையால பிடிச்சுக்கங்க. ரோலர் ஈரத்தாள் மேல சுத்திச் சுத்தி அழுக்கை அதுலயே விடும். மூணு நாலு தடவை போதும், அதுக்கு மேல போனா கியருக்கு நல்லதில்ல.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற தண்ணிதான் டிஸ்டில்டு வாட்டர், அதை எடுக்கலாம். கடையில கேக்கும்போது பேட்டரி ஆசிட் வேற, தண்ணி வேறங்கிறதைப் பார்த்து வாங்குங்க. குழாய்த் தண்ணியில இருக்கிற உப்பு காய்ஞ்சதும் ரப்பர்ல வெள்ளையாப் படியும், வேண்டாம். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூணும் ரப்பரை ஊதவோ வெடிக்கவோ வச்சிடும்.

துடைச்சும் மினுமினுப்பு போகலன்னா, இல்ல நகத்தால அமுக்கினா கொஞ்சம்கூட உள்வாங்கலன்னா ரப்பர் கெட்டியாயிடுச்சு. அப்பத்தான் மாத்துற பேச்சு.

---

செக்காலைவாசி (காரைக்குடி)

ரோலருக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டா ஒரே துடைப்புல பிசுக்கு போயிடுமே? மினுங்குற ரப்பரை உப்புத்தாளால லேசா உரசலாம்னும் சொல்றாங்களே?

---

ரப்பர்ரோலர் (கோட்டையூர்)

தம்பி, எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆல்கஹால் கேக்கும், மறுக்கல. ஆனா அடிக்கடி போட்டா ரப்பருக்குள்ள இருக்கிற மென்மை போய் வறண்டு வெடிக்கும். தண்ணியில போகாத பிசுக்குக்கு மட்டும், துணியில தொட்டு, ஒரே தடவை. பாட்டிலைச் சாய்ச்சு நேரா ஊத்தக் கூடாது.

உப்புத்தாள் வேண்டாம். உரசுனா ஒரு வாரம் நல்லா இழுக்கும். ஆனா ரோலர் விட்டம் குறையுது, அதுவும் சமமாக் குறையாது. இடப்பக்கம் கூட உரசிட்டா தாள் அந்தப் பக்கமே பின்தங்கி, இல்லாத கோணலும் வந்து சேரும். தூக்கிப்போடப் போற ரோலர்னா உரசிப் பாருங்க.

---

காகிதக்கட்டு (புதுவயல்)

ரோலரைக் கழட்டுறதுக்கு முன்னால அஞ்சு நிமிஷ சோதனை ஒண்ணு பண்ணுங்க ஆச்சி. பிரிக்காத புதுக் கட்டுல இருந்து 10 தாள் எடுத்து வைங்க. அது ஒழுங்காப் போனா பழி ரோலர் மேல இல்ல, பழைய தாள் மேல.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில திறந்து கிடக்கிற கட்டு ஈரத்தை உறிஞ்சிடும். தாளும் தாளும் ஒட்டிக்கும், ஓரம் அலை அலையா நெளியும். அதான் ரெண்டு மூணாப் போகும். சித்திரை வெயில்ல நேர் எதிர்: தாள் வறண்டு ஒரு பக்கமாச் சுருளும், ரோலர் வரும்போது ஓரம் தூக்கிக்கும். முற்றத்தைப் பார்த்த மாதிரி பட்டாலையிலயோ வளவுலயோ தட்டைத் திறந்து வச்சா ரெண்டு தொல்லையும் வரும். மழைச்சாரல் ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். பழைய வீடுன்னா கூரையில இருந்து உதிர்ற சுண்ணாம்புக் காரைத் துணுக்கும் நேரா அந்தத் தட்டுக்குள்ளதான் விழும். பல்லியும் அந்த இடுக்கைத்தான் தேடும். அடிக்காத நேரத்துல தட்டுல பேப்பர் இருக்கக் கூடாது, மூடியைச் சாத்தி மேல ஒரு துணி போட்டிருக்கணும். மிச்சத் தாள் அதோட உறைக்குள்ள, படுக்கை வசமா, தகர டப்பாவுலயோ மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியிலயோ.

70 ஜிஎஸ்எம்னு உறையில இருக்கிறதை அப்படியே நம்ப வேண்டாம். உங்க வீட்டுல பலகாரம் நிறுக்கிற தராசு இருக்குமே, அதுல 100 தாளை நிறுத்துப் பாருங்க. 70 ஜிஎஸ்எம் ஏ4 100 தாள் சுமார் 437 கிராம், 75னா 468, 80னா 499. ஈரம் ஏறியிருந்தா சில கிராம் கூடக் காட்டும், அதைக் கழிச்சுக்கங்க. 400 கிராம் பக்கம் நின்னா தாள் 65 ஜிஎஸ்எம்தான். பின்தட்டு மெஷின்ல அது சேர்ந்து போறதுல அதிசயம் இல்ல. 75க்கு மாறிப் பாருங்க.

வைக்கிற முறையிலயும் தப்பு நடக்கும். கட்டை விசிறி மாதிரி விரிச்சு, நாலு பக்கமும் மேசையில தட்டிச் சீராக்கி, முழு அளவுக்கு இல்லாம 30, 40 தாள் மட்டும். உறையில அம்புக்குறி போட்டிருந்தா அது காட்டுற பக்கம் முதல்ல அச்சாகணும். தாளைக் கீழ வரைக்கும் அழுத்திக் குத்தாதீங்க, தானா உக்காரணும். குத்துனா முனை செபரேஷன் பேட்டைத் தாண்டிடும், அப்புறம் பிரிக்கிற வேலையே நடக்காது.

கோணலுக்கு முதல்ல பார்க்க வேண்டியது பக்கவாட்டு கைடு, அதாவது தாளோட ஓரத்தைப் பிடிக்கிற நகரும் தடுப்பு. தாளைத் தொடணும், நெருக்கக் கூடாது. ஒரு தாள் தடிமன் அளவு இடைவெளி போதும்.

ஸ்டிக்கரை ஒவ்வொண்ணா வைங்க. அடுக்கி வச்சா ஒண்ணோட முதுகு அடுத்ததோட முகத்துல வழுக்கிக் கோணிக்கும். இதைவிட முக்கியம், பாதி லேபிள் உரிச்ச ஷீட்டைத் திரும்ப உள்ள விடவே விடாதீங்க. உரிச்ச இடத்தோட ஓரத்துல இருக்கிற பசை ரோலர்ல ஏறும், இல்லன்னா மிச்ச லேபிள் உள்ளயே உரிஞ்சு பாதையில ஒட்டிக்கும். அக்கினி நட்சத்திர வெயில்ல புது ஷீட்லயே ஓரத்துல பசை கசியும். விரலால ஓரத்தைத் தடவிப் பாருங்க, பிசுபிசுத்தா அந்தக் கட்டு பிரிண்டருக்கு ஆகாது.

இன்னொண்ணும் கேக்கணும். அந்த ஸ்டிக்கர் இங்க்ஜெட்டுக்குன்னு வாங்கினதா, இல்ல கடையில கொடுத்த மிரர் கோட்டா (பளபளப்புப் பூச்சுள்ள ஸ்டிக்கர் தாள்)? மிரர் கோட் லேசருக்கும் ஆஃப்செட்டுக்கும். தண்ணி மை அதுல ஊறாது. ஈர விரலை ஓரத்துல வச்சு எடுங்க. லேசா ஒட்டிப் பிடிச்சா இங்க்ஜெட் பூச்சு, வழுக்குனா மிரர் கோட்.

---

மைத்தொட்டி (தேவகோட்டை)

மூன்றாவது கோளாறுக்கு வருகிறேன். இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது.

வெள்ளைக் கோடு: நாசில் செக் தாளை (ஹெட்டின் மைத்துளைகளைச் சோதிக்கும் பக்கம்) இரண்டு முறை அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் கோடு விட்டுப்போயிருந்தால் அந்தத் துளையில் மை காய்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விட்டுப்போனால் அது அடைப்பு அல்ல, குழாயில் காற்று. செக் தாள் முழுமையாக வந்து, பெரிய பட்டை அச்சடிக்கும்போது மட்டும் பாதிக்குமேல் வெளுத்தால் மை போதிய வேகத்தில் வரவில்லை. தொட்டியில் மை கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள். இடம் மாற்றும்போது பூட்டும் குமிழ் உள்ள மாடலாக இருந்தால் அது திறந்த நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். செக் தாளில் ஒரு குறையும் இல்லாமல் கோடு மட்டும் சீரான இடைவெளியில் வந்தால் ஹெட்டைத் தொடவே வேண்டாம். தாள் நகரும் அளவு பிசகுகிறது, அலைன்மென்ட் செய்தால் போதும்.

காற்று என்றால் தொடர்ந்து கிளீனிங் போடுவது நிலைமையைக் கெடுக்கும். ஒன்று போட்டு, செக் பார்த்து, இரண்டாவது போட்டு, செக் பார்த்து, அதோடு நிறுத்தி 12 மணி நேரம் சும்மா விட வேண்டும். குமிழி தானாக மேலே ஏறும். நீங்கள் போட்ட ஏழெட்டு கிளீனிங்கில் போன மை எங்கும் மறையவில்லை. அடியில் இருக்கும் வேஸ்ட் இங்க் பேடில் ஊறியிருக்கிறது. அது நிரம்பினால் பிரிண்டர் தானே பூட்டிக்கொள்ளும். அதை எண்ணும் கவுண்டரை மட்டும் ரீசெட் செய்து பேடை மாற்றாமல் ஓட்டினால் ஒரு நாள் மை கீழே வழியும். ஆத்தங்குடிக் கல் தரையில் மெஜந்தா (இளஞ்சிவப்பு மை) இறங்கினால் சுலபத்தில் போகாது.

அடைப்பு என்றால் கேப்பிங் ஸ்டேஷனைக் கவனியுங்கள். ஹெட் ஓய்வெடுக்கும் வலது மூலையில் சின்ன ரப்பர் விளிம்பும் அதற்குள் பஞ்சும் இருக்கும். அந்த விளிம்பில் காய்ந்த மையோ மாவோ படிந்தால் மூடி காற்றுப் புகாமல் உட்காராது. ஹெட் இரவெல்லாம் காயும். கிளீனிங் போட்டாலும் உறிஞ்சும் விசை வராது. பஞ்சுக் குச்சியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து விளிம்பைச் சுற்றித் துடையுங்கள். உள்பஞ்சில் ஐந்தாறு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஹெட்டை அதன் இடத்தில் நிறுத்தி, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஒரே ஒரு கிளீனிங். பெரும்பாலான அடைப்பு இதிலேயே இளகும்.

சுவர் சுவிட்சில் அணைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது தொல்லைக்கு அதுவே முதல் காரணமாக இருக்கலாம். பிரிண்டரின் பட்டனில் அணைத்தால்தான் ஹெட் மூலைக்குப் போய் மூடியின் மேல் உட்காரும். அச்சு முடிந்த சில நொடிக்குள் சுவரில் அணைத்தால் ஹெட் திறந்தபடியே நிற்கும். மின்வெட்டிலும் இதேதான், கரண்டு வந்ததும் ஒரு முறை ஆன் செய்து பட்டனில் அணைத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது நாலு நிறமும் வரும் ஒரு பக்கம் அச்சடிப்பது நல்லது.

ஹெட் வகையும் தெரிந்திருக்க வேண்டும். எப்சனில் இருப்பது பீசோ ஹெட் (சூடில்லாமல் மையைத் தள்ளுவது), மெஷினோடு நிரந்தரமாகப் பொருந்தியது. கேனான், ஹெச்பி இங்க்டேங்க்குகளில் தெர்மல் ஹெட் (சூட்டால் மையைத் தள்ளுவது), பல மாடல்களில் வீட்டிலேயே கழற்றி மாற்றலாம். தெர்மல் ஹெட்டில் மை வராத நிறத்தை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஓட்டக் கூடாது. மைதான் அதற்குக் குளிர்ச்சி, இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஹீட்டர் எரிந்துபோகும்.

மங்கலான எஃப்எஸ்எஸ்ஏஐ எண்: இதற்கும் அடைப்புக்கும் சம்பந்தமில்லை. சாதா தாளில் கூர்மையாக விழுவதே சாட்சி. பல நாலு கலர் இங்க்டேங்க்கில் கறுப்பு பிக்மென்ட் மை (நிறத்துகள் மிதப்பது), மற்ற மூன்றும் டை மை (சாயம் கரைந்தது). டிரைவரில் (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) "போட்டோ பேப்பர்" அல்லது "கிளாஸி" என்று வைத்தால் பல மாடல்கள் பிக்மென்ட் கறுப்பைத் தொடாது. மூன்று நிறத்தைக் கலந்து கறுப்பு காட்டும். மூன்று புள்ளியும் ஒரே இடத்தில் விழ வேண்டும், முடி அளவு விலகினாலும் 6 பாயின்ட் எழுத்து பிசிறும். "பிளெய்ன் பேப்பர்" அல்லது "மேட்" என்று மாற்றி, குவாலிட்டியை "ஹை" வைத்து அடித்துப் பாருங்கள். எழுத்து கூர்மையாகும், ஆனால் பளபள ஸ்டிக்கரில் பிக்மென்ட் கறுப்பு ஒட்டாமல் விரலில் வரும். ஆகவே ஸ்டிக்கரையே மேட் இங்க்ஜெட் வகைக்கு மாற்றுங்கள். பளபளப்பு வேண்டும் என்றால் மேலே லேமினேஷன் ஒட்டலாம். டை மை ஈரம் பட்டால் கலங்கும் என்பதால் பலகார லேபிளுக்கு அது எப்படியும் நல்லது.

இரு திசை அச்சு, டிரைவரில் "பைடைரக்ஷனல்" அல்லது "ஹை ஸ்பீட்" என்று இருக்கும், அதை லேபிளுக்கு அணைத்துவிடுங்கள். ஹெட் ஒரு பக்கம் போகும்போது மட்டும் அச்சாகும். நேரம் கூடும், நெட்டுக்கோடுகள் நேராக வரும்.

---

ரப்பர்ரோலர் (கோட்டையூர்)

மைத்தொட்டி அண்ணே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. ஹெட்டைச் சுமக்கிற வண்டி ஓடுற பாதையில பின்னால ஒரு ஒளி ஊடுருவுற பிளாஸ்டிக் நாடா இருக்கும், என்கோடர் ஸ்டிரிப். அதுல எண்ணெய்ப் புகை படிஞ்சாலும் நெட்டுக்கோடு நடுங்கும், சில நேரம் வண்டி மூலையில போய் முட்டி எரர் காட்டும். ஈரத்துணியில ரெண்டு விரலால பூவை எடுக்கிற மாதிரி துடைக்கணும். இதுக்கு மட்டும் ஆல்கஹால் கூடவே கூடாது, அதுல இருக்கிற நுண்கோடு அழிஞ்சா நாடாவையே மாத்தணும். பக்கத்துல இருக்கிற கம்பியில வெள்ளையா கிரீஸ் இருக்கும், அழுக்குன்னு நினைச்சுத் துடைச்சுடாதீங்க.

---

டோனர்தூசி (பள்ளத்தூர்)

இதுலயே கேட்டுக்கிறேன், மன்னிக்கணும். என்னோடது சின்ன லேசர். அச்சான தாள்ல ஒரே மாதிரி கறுப்புப் புள்ளி மேல இருந்து கீழ மூணு நாலு இடத்துல வருது. தாள் கசங்குறதில்ல.

---

மைத்தொட்டி (தேவகோட்டை)

ஸ்கேல் வைத்து ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். உருளை ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் தன் காயத்தைத் தாளில் பதிக்கிறது, ஆகவே அந்தத் தூரம்தான் அதன் சுற்றளவு. 3.14ஆல் வகுத்தால் விட்டம். சின்ன லேசர்களில் பரவலாக உள்ள 24 மி.மீ. டிரம் (உருவம் பதியும் உருளை) என்றால் சுமார் 75 மி.மீ.க்கு ஒரு புள்ளி வரும். வேறு தூரம் வந்தால் டெவலப்பர் ரோலர் (டோனர் தூளை டிரம்முக்குக் கொடுப்பது) அல்லது ஃபியூசர் (தூளைச் சூட்டால் தாளில் ஒட்டுவது). டிரம்மை வெளியே எடுத்துப் பார்ப்பதானால் வெளிச்சத்தில் வைக்காதீர்கள், கறுப்புத் துணியால் மூடுங்கள். பச்சை அல்லது நீல மேற்பரப்பில் விரல் படக்கூடாது. கீறல் இருந்தால் துடைத்துப் பயனில்லை.

அச்சு விரலில் உதிர்ந்தால் அது வேறு: தாள் ஈரம், அல்லது டிரைவரில் தாள் வகையைத் தவறாக வைத்து ஃபியூசருக்குச் சூடு போதவில்லை. இங்க்ஜெட் போட்டோ தாளையோ இங்க்ஜெட் ஸ்டிக்கரையோ லேசருக்குள் விடவே வேண்டாம், பூச்சு உருகி ஃபியூசரில் சுற்றிக்கொள்ளும். லேசரை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதையும் தவிருங்கள். ஃபியூசர் சூடேறும் நொடியில் இழுக்கும் மின்சாரம் அதிகம், இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும்.

---

தேன்குழல்காரி (காரைக்குடி)

எல்லாருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலயே பார்த்தாச்சு.

100 தாள் 409 கிராம். புதுக் கட்டுல 75 ஜிஎஸ்எம் வச்சா சேர்ந்து போறது நின்னுச்சு, ஆனா இழுக்காம நிக்கிறது இருந்துச்சு. ரோலரைத் துடைச்சதுல துணி கூழ் மாதிரி வெள்ளையாயிடுச்சு. இப்ப 40 தாள் தடையில்லாமப் போச்சு.

நாசில் செக் ரெண்டு தடவையும் மெஜந்தாவுல அதே மூணு கோடு இல்ல. மூடி விளிம்புல கருப்பா ஒரு படலம் இருந்துச்சு. ராத்திரி ஊற வச்சுக் காலையில ஒரே கிளீனிங், ரெண்டு கோடு வந்துடுச்சு, ஒண்ணு பாக்கி.

ஸ்டிக்கர் மிரர் கோட்தான், விரல் வழுக்குது. கோணல் 4 மி.மீ.ல இருந்து 1 மி.மீ. ஆகியிருக்கு. அந்த 1 மி.மீ.யையும் எடுக்க வழி உண்டா?

---

காகிதக்கட்டு (புதுவயல்)

ஆச்சி, 1 மி.மீ. வீட்டு மெஷினுக்கு இயல்பு, அதைத் துரத்தாதீங்க. டிசைன்ல இடம் விடுங்க. லேபிள் ஓரத்துல இருந்து 2 மி.மீ. உள்ள தள்ளி எழுத்தும் கோடும், பின்னணி நிறம் மட்டும் ஓரத்தைத் தாண்டி 1 மி.மீ. வெளிய. லேபிள் ஓரத்தை ஒட்டிக் கட்டம் போட்ட டிசைன்னா கட்டத்தை எடுத்துடுங்க, அது இருந்தாத்தான் கோணல் கண்ணுக்குத் தெரியும்.

அச்சடிக்கும்போது பிடிஎஃப்ல "ஃபிட்" இருக்கக் கூடாது, "ஆக்சுவல் சைஸ்". "ஃபிட்" போட்டா 97, 98 சதவீதமாச் சுருங்கி, வரிசை எல்லாம் லேபிளோட இடத்துல இருந்து நகர்ந்துடும். டிரைவர்ல தாள் அளவு "லெட்டர்"னு கிடந்தாலும் இதே தொல்லைதான்: லெட்டர் 279 மி.மீ. உயரம், ஏ4 297. முதல்ல சாதா தாள்ல அடிச்சு, ஸ்டிக்கர் மேல வச்சு, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு அடிங்க.

---

மைத்தொட்டி (தேவகோட்டை)

மிச்சம் ஒரு கோட்டுக்கு உடனே கிளீனிங் போட வேண்டாம். மெஜந்தா நிறைந்த ஒரு பக்கத்தைச் சாதா தாளில் ஹை குவாலிட்டியில் அடியுங்கள், மூன்று நான்கு போதும். பக்கத்துத் துளைகளில் மை ஓடும்போது அதுவும் இளகும், மையும் பேடுக்குப் போகாமல் தாளுக்குப் போகும். இரண்டு நாள் கழித்தும் அதே இடம் காலி என்றால் மறுபடி ஒரு ராத்திரி ஊற வையுங்கள். பிரிண்டரை மாவு அறைக்குப் பக்கத்தில் இருந்து முகப்பு அறைக்கு மாற்றிவிட்டு அதைச் செய்யுங்கள்.